முந்திரில டபிள்யு 320 எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், ஃபயர்வால்ல ஏ.டி.பி. மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறயா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் கருங்கல் பக்கத்துல ஒரு அண்டி ஆபீஸ்ல கணக்கு பாக்கேன். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்லுதேன், அண்டி ஆபீஸ்னா முந்திரிக்கொட்டைய உடைச்சு தோலுரிச்சு தரம் பிரிக்கிற ஃபேக்டரி, எங்க மாவட்டத்துல அப்படித்தான் சொல்லுவோம். உங்க பேப்பர்ல சைபர் மோசடி பத்தி அடிக்கடி போடுறீங்க, ஓ.டி.பி. சொல்லாதீங்க, லிங்க தொடாதீங்க, ஏமாந்துட்டா 1930க்கு போன் அடிங்கன்னு, நல்ல காரியம், எங்க வீட்டுல அத கிழிச்சு ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கோம். ஆனா எங்கள மாதிரி சின்ன ஆபீஸ்காரங்க மாட்டிக்கிடுற இடம் வேற ஒண்ணு இருக்கு, அத யாரும் எழுதுறதில்ல. ஃபயர்வால் கொட்டேஷன். ஃபயர்வால்னா நெட் லைனுக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருங்களுக்கும் நடுவுல காவலுக்கு வைக்கிற பெட்டி. அதுல இருக்க எழுத்துங்கள வாசிக்க ஆள் கிடையாது.

போன மாசம் எங்களுக்கு ஒரு கொட்டேஷன் வந்துச்சு. மொத்தமே நாலு வரி. என்.ஜி.எஃப்.டபிள்யு. வித் ஏ.டி.பி., ஐ.பி.எஸ்., ஏ.வி., டி.பி.ஐ.-எஸ்.எஸ்.எல்., எச்.ஏ. ரெடி, 8x5 என்.பி.டி., 1 ஒய்.ஆர்., அப்புறம் ஒரு தொகை, அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. முதலாளி கண்ணாடிய மாட்டிட்டு வாசிச்சாரு, "என்னவே இது, லாரி நம்பர் மாதிரி கெடக்கு?"ன்னு என்னைய கேட்டாரு. எனக்கு மட்டும் என்ன தெரியும். ஐ.பி.எஸ்.னா எனக்கு நாகர்கோவில் எஸ்.பி. ஆபீஸ்தான் ஞாபகம் வரும், எஸ்.எஸ்.எல்.னா அதுக்குப் பின்னால ஒரு சி போட்டுதான் வாசிச்சுப் பழக்கம். சரி ரெண்டு நாள் டைம் குடுங்க, கேட்டு சொல்லுதேன்னு வாங்கி வச்சேன். சும்மா கையெழுத்து போட்டு குடுத்திருப்போம், ஆனா முன்னாடி ஒருதடவ அப்படிப் போட்டுதான் அசிங்கப்பட்டோம், அத முதல்ல சொல்லணும்.

சில வருஷம் முன்னாடி கேமரா மாட்ட வந்த ஒரு கடைக்காரர் மூலமா ஒரு பெட்டி வாங்கினோம். பேரு எதுக்கு, எந்தக் கடை எந்தக் கம்பெனின்னு நான் சொல்லல. "ஃபயர்வால் போட்டாச்சு அண்ணாச்சி, இனி ஒரு வைரஸும் உள்ள வராது"ன்னுட்டுப் போனாரு. பச்ச லைட்டு மினுக்கிட்டு இருந்துச்சு, நாங்களும் சந்தோஷமா இருந்தோம், தூசி தட்டி பொட்டு வைக்காத கொறதான். ஒரு வருஷம் கழிஞ்சு ஒரு சனிக்கிழம காலைல ஒரு சைட்டும் திறக்கல. சனிக்கிழம எங்களுக்கு சம்பள நாளு, நூத்துக்கு மேல பெண்ணுங்க காத்துக் கெடக்காவ, பேங்க் சைட் திறக்கல, பி.எஃப். சைட் திறக்கல, மெயில் திறக்கல, எதத் தொட்டாலும் ஏதோ ரேட்டிங் எரர்னு ஒரு பக்கம் வருது. நெட் கம்பெனிக்கு போன் போட்டா "எங்க லைன் நல்லாதான் இருக்கு"ன்னான். மத்தியானம் வரைக்கும் மோடத்த அணைச்சுப் போட்டோம், வயர புடுங்கி மாட்டுனோம், கடைசில என் மொபைல் ஹாட்ஸ்பாட்ட போட்டு அந்த ஒரு கம்ப்யூட்டர்ல சம்பளத்த அனுப்பி முடிச்சோம். அன்னைக்கு வீட்டுக்குப் போன பெண்ணுங்க பேசுன பேச்ச இங்க எழுத முடியாது.

அப்புறமா தெரிஞ்சது என்னன்னா, வெள்ளிக்கிழம ராத்திரியோட லைசென்ஸ் முடிஞ்சிருக்கு. நாம ஒரு சைட்ட திறக்கும்போது அந்தப் பெட்டி அதோட கம்பெனி சர்வர்ட்ட "இது என்ன மாதிரி சைட்டு, நல்லதா, சூதாட்டமா, வைரஸா?"ன்னு கேட்டுட்டுதான் விடும், லைசென்ஸ் இல்லன்னா அங்கிருந்து பதில் வராது, பதில் வரலன்னா எல்லாத்தையும் மறின்னு செட்டிங் இருந்திருக்கு. எல்லாப் பெட்டியும் இப்படிச் செய்யாதாம். சிலதுல லைசென்ஸ் முடிஞ்சாலும் நெட் சும்மா ஓடும், பச்ச லைட்டும் மினுக்கும், புது வைரஸ் அடையாளங்க மட்டும் வராம நின்னுபோகும். யோசிச்சுப் பாத்தா எங்களுக்கு நடந்ததே தேவலன்னு தோணுது, அசிங்கப்பட்டாலும் அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, மத்தவன் வருஷக்கணக்கா தெரியாமலே உக்காந்திருப்பான்.

இதவிட பெருசு ஒண்ணு. பழைய பில்ல எடுத்துப் பாத்தா "எஃப்.டபிள்யு. வித் டபிள்யு.எஃப்., 1 ஒய்.ஆர்."னு மட்டும் இருக்கு. டபிள்யு.எஃப்.னா வெப் ஃபில்டர். அவ்வளவுதான் வாங்கியிருக்கோம். வைரஸ பாக்குற லைசென்ஸோ உள்ள புகுறவன தடுக்குற லைசென்ஸோ நாங்க எந்தக் காலத்துலயும் வாங்கவே இல்ல, அந்த ஒரு வருஷம் பூரா பெட்டி பாத்த வேலை பிள்ளைங்க யூடியூப் பாக்காம தடுத்தது மட்டும்தான். கடைக்காரர் பொய் சொன்னாருன்னும் சொல்ல முடியாது, பில்லுல உள்ளத உள்ளபடிதான் எழுதியிருக்காரு, எங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியல. முதலாளிக்கு டபிள்யு.ன்னு பாத்ததும் ஒயிட் ஹோல்ஸ், அதாவது வெள்ள முழுப்பருப்புதான் நினைப்பு, தொழில் அப்படி.

அதனால இந்தத் தடவ கொட்டேஷன போட்டோ புடிச்சு எனக்க அக்கா மவளுக்கு அனுப்புனேன். அவ திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல வேல பாக்கா, ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்தப்ப ஒரு சாயாவும் பழம்பொரியும் முன்னால வச்சு, "பிள்ளே, எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு"ன்னேன். அவ சொன்னத நான் வெளங்கிக்கிட்டபடி எழுதுதேன்.

களியக்காவிளை செக்போஸ்ட்ட நினைச்சுக்கிடுங்க. லாரி வருது, நம்பர பாக்கான், எங்கிருந்து எங்க போவுதுன்னு கேக்கான், பேப்பர் சரியா இருந்தா விடுதான். பழைய ஃபயர்வால் இவ்வளவுதான் செய்யும், மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காது. மூட்டைய அவுத்து உள்ள கைய விட்டுப் பாக்குறதுதான் டி.பி.ஐ., டீப் பாக்கெட் இன்ஸ்பெக்ஷன். ஐ.பி.எஸ்.னா இன்ட்ரூஷன் பிரிவென்ஷன் சிஸ்டம், அதாவது தேடப்படுற கள்ளன் போட்டோவயும் அவன் திருடுற விதத்தயும் கையில வச்சுக்கிட்டு நிக்குற போலீஸ்காரன், கண்டா அங்கயே மறிப்பான். அதே ஆளு மறிக்காம விசில் மட்டும் ஊதினா ஐ.டி.எஸ்., ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனா கள்ளன் உள்ள போயிருவான். ஏ.வி.ங்கிறது ஆன்டி வைரஸ், நம்ம கம்ப்யூட்டர்ல உள்ளதுதான், இங்க வாசல்லயே நிக்குது. இந்தக் கள்ளன் போட்டோ எல்லாம் தினமும் புதுசு புதுசா வரணும், அதுக்குத்தான் வருஷா வருஷம் லைசென்ஸ் காசு, பெட்டிக்கு இல்ல. இந்த ஒண்ண முதல்லயே யாராவது சொல்லியிருந்தா எங்க முதலாளி "பெட்டிய ஒருக்கா வாங்கியாச்சுல்லா, பின்ன எதுக்குவே வருஷா வருஷம் அழுறது?"ன்னு மூணு வருஷமா என்னைய திட்டியிருக்க மாட்டாரு.

டி.பி.ஐ.-எஸ்.எஸ்.எல்.னு சேத்துப் போட்டிருந்தது பத்தி அவ கொஞ்ச நேரம் கூடுதலாவே சொன்னா, அதுதான் முக்கியமாம். இப்ப சைட்டுங்க பெரும்பாலும் எச்.டி.டி.பி.எஸ்.லதான் வருது, அதாவது மூட்டைக்குப் பூட்டு போட்டு சீல் வச்சு வருது, அந்தப் பூட்டுதான் எஸ்.எஸ்.எல். சீல உடைச்சுப் பாத்து திரும்ப சீல் வைக்குற வேலைய பெட்டிக்குக் குடுக்கலன்னா ஏ.வி., ஐ.பி.எஸ். எல்லாம் காசு குடுத்து வாங்கியும் அதுங்க மூட்டைக்கு வெளிய நின்னு மோந்து பாக்குறதோட சரி. ஆனா அத ஆன் பண்ணணும்னா ஆபீஸ்ல உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் அந்தப் பெட்டியோட சர்டிஃபிகேட்ட போடணும், பேங்க் சைட்டுங்கள மட்டும் அதுல இருந்து விலக்கி வைக்கணும், அது ஒரு நாள் வேலையாம், அந்த வேலைய யாரு செய்வான்னு கொட்டேஷன்ல ஒரு எழுத்து கூட இல்ல. பெட்டி கஷ்டப்படுற கணக்கும் தனி. விளம்பரத்துல பெருசா போடுற வேகம் மூட்டைய அவுக்காத வேகம். அவ மொபைல்லயே ஒரு டேட்டா ஷீட் எடுத்துக் காட்டுனா, ஃபோர்ட்டிகேட் 60எஃப்.னு சின்ன ஆபீஸ்களுக்கு விக்கிற மாடல், ஃபயர்வால் வேகம் 10 ஜி.பி.பி.எஸ்., அதாவது 10,000 எம்.பி.பி.எஸ்., அதே தாள்ல கொஞ்சம் கீழ த்ரெட் புரொடெக்ஷன், அதாவது மூட்டைய அவுத்துப் பாக்குற வேகம் 700 எம்.பி.பி.எஸ். கம்பெனி ஒண்ணும் மறைக்கல, ரெண்டும் ஒரே தாள்லதான் இருக்கு, ஆனா கடைக்காரங்க வாயில பத்துதான் வருது, எழுநூறு வர்றதில்ல.

இனிதான் எனக்கு உண்மையிலேயே கோவம் வந்த இடம். கொட்டேஷன்ல இருந்த ஏ.டி.பி.ன்னா என்ன பிள்ளேன்னு கேட்டேன். "எந்தக் கம்பெனி மாமா?"ன்னு திருப்பிக் கேக்கா. எந்தக் கம்பெனியா இருந்தா என்ன, எழுத்து ஒண்ணுதானன்னு நான் கேக்க, அவ சிரிக்கா. சோனிக்வால்ல கேப்சர் ஏ.டி.பி.ன்னா சாண்ட்பாக்ஸ், இதுவரைக்கும் பாக்காத ஃபைல் ஒண்ணு வந்தா தனி ரூம்ல போட்டு திறந்து பாத்து கெட்டதான்னு சொல்லுற சர்வீஸ். எங்க பாஷைல சொன்னா கட்டிங் டெஸ்ட், கப்பல்ல வந்த பச்சக்கொட்டைய மாதிரி எடுத்து வெட்டிப் பாத்துதான லோட இறக்குவோம், அது மாதிரி. ஃபோர்ட்டிநெட்ல ஏ.டி.பி.ங்கிறது பல சர்வீஸ கட்டிக் குடுக்குற ஒரு பொட்டலத்தோட பேரு, அதுல ஐ.பி.எஸ்., ஏ.வி. எல்லாம் உண்டு, ஆனா வெப் ஃபில்டர் வேணும்னா அதுக்கு மேல உள்ள யு.டி.பி. பொட்டலம் வாங்கணும். பாலோ ஆல்டோல அட்வான்ஸ்டு த்ரெட் பிரிவென்ஷன்னு இருக்கு, சுருக்கினா அதுவும் ஏ.டி.பி.தான், அது ஐ.பி.எஸ். வேலை செய்யுற சந்தா, அவங்க சாண்ட்பாக்ஸுக்கு பேரு வைல்ட்ஃபயர், அது வேற சந்தா. ஒரே மூணு எழுத்து, மூணு கடைல மூணு சாமான். இத தெரியாம நான் மூணு கொட்டேஷன் வாங்கி, ஏ.டி.பி.க்கு நேரா ஏ.டி.பி. எழுதி, எது கொறச்சலோ அத வாங்குவோம்னு அட்டவணை போட்டு வச்சிருந்தேன், ரூல் தடி வச்சு கோடு போட்டு.

நீங்களே சொல்லுங்க, எங்க தொழில்லயும் சுருக்கெழுத்துதான். டபிள்யு 320ன்னா ஒரு பவுண்டுக்கு 300ல இருந்து 320 பருப்பு. டபிள்யு 240ன்னா 220ல இருந்து 240. எஸ்.டபிள்யு.ன்னா வறுபட்டு நிறம் மாறுன முழுப்பருப்பு, எல்.டபிள்யு.பி.ன்னா பெரிய வெள்ளத் துண்டு. இந்தக் கருங்கல்ல எங்க தரம்பிரிக்கிற அக்காமாருக்கு இது தெரியும், கொல்லத்துக்காரனுக்கும் இதே கணக்கு, வியட்நாம்ல இருந்து விக்குறவனுக்கும் இதே கணக்கு. எனக்கு 320க்கு ஒரு அர்த்தம், வாங்குறவனுக்கு ஒரு அர்த்தம்னா தொழிலே நடக்காது, சரக்கு திரும்பி வந்துரும். அதுவும் நாங்க விக்கிறது வெறும் பருப்பு. ஆபீஸ் கணக்கு, நூறு பெண்ணுங்க ஆதார் நம்பர், பேங்க் நம்பர் எல்லாத்தையும் காவல் காக்குறோம்னு சொல்லி விக்கிற பெட்டிக்கு இப்படி ஒரு பொது அளவு இல்லங்கிறது நியாயமா.

இந்தப் பேருங்க எல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா அதுவும் வேடிக்கதான். யு.டி.எம்., யூனிஃபைட் த்ரெட் மேனேஜ்மென்ட், இது 2004 வாக்குல ஐ.டி.சி.ங்கிற மார்க்கெட் ஆராய்ச்சி கம்பெனி வச்ச பேரு. என்.ஜி.எஃப்.டபிள்யு., அதாவது நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஃபயர்வாலுக்கு 2009ல கார்ட்னர்னு இன்னொரு ஆராய்ச்சி கம்பெனி இலக்கணம் எழுதுச்சு. இப்ப சின்ன ஆபீஸ் பெட்டிங்கள்ல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லன்னு எனக்க மருமவ சொல்லுதா, ஆனா கொட்டேஷன்ல யு.டி.எம். இருந்தா பழசு மாதிரியும் என்.ஜி. இருந்தா புதுசு மாதிரியும் தெரியுதுல்லா. பொட்டலப் பேருங்கள கேட்டா தல சுத்தும். சோனிக்வால்ல முன்னாடி சி.ஜி.எஸ்.எஸ்., ஏ.ஜி.எஸ்.எஸ்.னு இருந்துச்சு, அப்புறம் இ.பி.எஸ்.எஸ்., ஏ.பி.எஸ்.எஸ்.னு வந்துச்சு. செக் பாயிண்ட்ல என்.ஜி.டி.பி., என்.ஜி.டி.எக்ஸ்.னு இருந்துச்சு, அந்த ரெண்டுல எக்ஸ்ல முடிஞ்சதுலதான் சாண்ட்பாக்ஸ் கிட்டுச்சு. சிஸ்கோல டி, எம், சி.ன்னு தனித்தனி எழுத்து, டி புகுறவன மறிக்க, எம் வைரஸ் மாதிரி கெட்ட ஃபைலுக்கு, சி சைட் வடிகட்ட. எனக்கு ரொம்பப் புடிச்சது சைபரோம்தான், அகமதாபாத் கம்பெனி, 2014ல சோஃபோஸ் வாங்கிட்டு, சைபரோம் பொட்டலத்துக்குப் பேரு டி.வி.எஸ்.னு இருந்துச்சு! டோட்டல் வேல்யூ சப்ஸ்கிரிப்ஷனாம். இங்க வந்து டி.வி.எஸ். ரினியூ பண்ணணும்னு சொன்னா வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டப் போறான்னுதான் நினைப்பாவ.

கொட்டேஷன் கடைசில இருந்த என்.பி.டி.க்கு வாறேன். நெக்ஸ்ட் பிசினஸ் டே. பெட்டி கெட்டுப்போனா அடுத்த வேலைநாளே மாத்துப் பெட்டி. 8x5ன்னா ஒரு நாளைக்கு எட்டு மணிநேரம், வாரத்துக்கு அஞ்சு நாள்தான் போன எடுப்பான், சனி ஞாயிறு கிடையாது. எங்க சம்பள நாளு சனிக்கிழம! வேணும்னா 24x7 வாங்கணும், அதுக்கு தனி ரேட்டு. எச்.ஏ. ரெடிங்கிறதும் இதே கததான், ஹை அவைலபிலிட்டி, ஒரு பெட்டி படுத்தா இன்னொண்ணு எந்திரிக்கும், ஆனா ரெடின்னா ரெண்டாவது பெட்டி இதுல சேத்தி இல்ல, வாங்கினா மாட்டலாம்னு அர்த்தம், அதுக்கும் லைசென்ஸ் தனியா வேணுமா வேண்டாமாங்கிறது கம்பெனிக்கு ஏத்த மாதிரி மாறும். கல்யாண மண்டபத்துல ஏ.சி. ரெடின்னு போட்ட மாதிரி.

அப்புறம் இ.ஓ.எஸ்.னு ஒண்ணு. இத நீங்க பெரிய எழுத்துல போட்டாலும் தகும். எண்ட் ஆஃப் சேல்னாலும் இ.ஓ.எஸ்., எண்ட் ஆஃப் சப்போர்ட்னாலும் இ.ஓ.எஸ். முதல்லது இனி விக்க மாட்டோம்ங்கிறது, அதுக்கப்புறமும் சில வருஷம் அப்டேட் வரும். ரெண்டாவதுன்னா கதை முடிஞ்சுது, ஓட்டை கண்டுபிடிச்சாலும் அடைக்க ஆள் வராது. ஒரு மாடல் ரொம்ப மலிவா வருதுன்னா அதோட சப்போர்ட் முடியுற தேதிய கேளுங்க மாமான்னு அவ சொன்னா, கம்பெனி சைட்லயே தேதி இருக்குமாம்.

லாக் விஷயமும் இருக்கு. லாக்னா பூட்டு இல்ல, பெட்டி வழியா என்ன வந்துச்சு என்ன போச்சுன்னு எழுதி வைக்கிற பதிவேடு. 2022 ஏப்ரல் 28ல சர்ட்-இன், அதாவது கம்ப்யூட்டர் பாதுகாப்ப பாக்குற மத்திய அரசு அமைப்பு, ஒரு உத்தரவு போட்டிருக்கு. சைபர் தாக்குதல் நடந்தது தெரிஞ்ச 6 மணிநேரத்துல அவங்களுக்குச் சொல்லணும், 180 நாள் லாக் கையில இருக்கணும், கம்பெனின்னு பதிஞ்ச எல்லாருக்கும் பொருந்தும். எங்களுக்கு வந்த கொட்டேஷன்ல உள்ள பெட்டில டிஸ்க்கே கிடையாது, லாக் வைக்க கிளவுட் லைசென்ஸ் தனி. அந்த வரிய யாரும் எழுதல, எழுதினா விலை கூடும்ல.

ஆசிரியர் ஐயாட்ட நான் கேக்குறது ரெண்டு. தொழில் பக்கத்துலயோ கம்ப்யூட்டர் பக்கத்துலயோ இந்த எழுத்துங்களுக்கு ஒரு அரப்பக்கத்துக்கு தமிழ்ல விளக்கம் போடுங்க, எந்தக் கம்பெனில எந்தப் பொட்டலத்துல எது உண்டு, எது இல்லன்னு. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில்ல மட்டும் எத்தன ஆஸ்பத்திரி, எத்தன ஸ்கூலு, எத்தன சிட்டு கம்பெனி இந்தப் பெட்டிய வாங்கி வச்சுக்கிட்டு உள்ள என்ன இருக்குன்னு தெரியாம கெடக்கு. ரெண்டாவது, உங்க பேப்பர வாசிக்கிற கம்ப்யூட்டர் கடைக்கார தம்பிமாருக்கு, கொட்டேஷன்ல எழுத்துக்குப் பக்கத்துல அது செய்யுற வேலைய தமிழ்ல ஒரு வரி எழுதுங்கப்பா, லைசென்ஸ் முடியுற தேதிய பெருசா போடுங்க, முடிஞ்ச அன்னைக்கு நெட் நிக்குமா ஓடுமான்னும் எழுதுங்க, அவ்வளவுதான். வாங்க மாட்டோம்னு சொல்லல, வாங்குறது என்னன்னு தெரியணும்ல.

நாங்க என்ன செஞ்சோம்னா, அந்தக் கொட்டேஷன் பின்பக்கமே பேனாவால கேள்விய எழுதி திருப்பி அனுப்பினோம். ஏ.டி.பி.க்குள்ள என்னென்ன இருக்கு, சர்டிஃபிகேட் யாரு போடுவா, லாக் எங்க இருக்கும், சப்போர்ட் எந்தத் தேதி வரைக்கும், சனிக்கிழம போன் எடுப்பீங்களா, அடுத்த வேலைநாள்னா பெட்டி கருங்கல்ல வந்து சேருற நாளா. நாலு நாள் கழிச்சு கடைக்கார தம்பி போன் போட்டான். மத்ததுக்கெல்லாம் கம்பெனில கேட்டு சொல்லுதேன்னுட்டு, கடைசி கேள்விக்கு மட்டும் கையோட பதில் சொன்னான்: "வந்து சேருற நாளு இல்ல அண்ணாச்சி, சென்னைல கூரியர்ல போடுற நாளு."

இப்படிக்கு,
அண்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை ஒருவர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.